பதினாறாம் எண் பல்

எடுத்துருங்க டாக்டர், என்கிறார் தணிகாசலம்.
நாற்காலி இன்னும் சாயவில்லை.
வாயைத் திறக்கும் முன்பே கைபேசியைத் திறந்துவிட்டார்:
சாம்பல் அடைத்த ஒரு கடைவாய்ப் பல்,
அதிலிருந்து புகை எழும்பும் காணொளி.
"இருபத்தாறு வருஷமா வாயில விஷத்த வெச்சிகினு
லாரி ஓட்டிகினுகீறேன். ஒருத்தன் சொல்லல."

கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் நின்றுவிட்டதாம்.
அந்த முக்கால் மணி நேரத்தில்
நாலு பார்த்திருக்கிறார், இதே மாதிரி.

டாக்டர் நஸ்ரின் கண்ணாடியை உள்ளே விடுகிறார்.
வலிக்குதா? இல்ல.
கூசுதா? இல்ல.
ஓரத்தில் கம்பியை ஓட்டிப் பார்க்கிறார்,
எங்கும் மாட்டவில்லை.
"நல்லா இருக்குங்க. சும்மா இருக்கிற வரைக்கும்
ரொம்பக் கொஞ்சம்தான் ஆவியா வரும்.
தோண்டினா இன்னிக்கே நிறைய வரும்.
விட்டுடுங்க."

நம்பவில்லை.
டாக்டருக்கு முப்பது வயது;
இந்தப் பல்லை அடைத்தபோது அவர் எல்.கே.ஜி.
அடைத்தது பெரிய டாக்டர்.
கலந்தது நான்.

கல்வத்தில் வெள்ளிப்பொடி,
சின்னப் புட்டியைச் சாய்த்தால் இரண்டு சொட்டு.
அரைத்து, துணியில் முடிந்து பிழிவேன்.
மிச்சம் மணிமணியாக வெளியே வரும்.
வெறும் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த
கிறுக் கிறுக் என்று முனகும்.
அந்தச் சத்தம் வந்தால் பதம்.
வேறு எதைக் கொண்டு பதம் பார்க்க என்று
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒருநாள் புட்டி கவிழ்ந்தது.
அலமாரிக்கு அடியில் ஓடி ஒளிந்ததை
துடைப்பத்தால் கூட்டி சிங்க்கில் விட்டேன்.
சிங்க்கிலிருந்து சாக்கடை, சாக்கடையிலிருந்து கால்வாய்,
கால்வாய் எண்ணூருக்குத்தான் போகும்.
அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இறால்.

கல்யாணமான மூன்றாம் மாதம் மோதிரம் வெளுத்தது.
மணிக்கூண்டுக்குப் பக்கத்து அடகுக்கடையில்
சேட்டு உரசிப் பார்த்து, வெள்ளியாம்மா? என்றார்.
அந்தோணி என்னைப் பார்த்த பார்வையில்
என் அப்பா வீட்டுச் சீர் முழுக்க ஒருமுறை உரசப்பட்டது.
சேட்டு சிரித்து, விளக்கைப் பற்றவைத்து,
ஊதுகுழலால் சுட்டார்.
மஞ்சள் திரும்பி வந்தது.
போனது எங்கே போனது என்று
குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் கேட்கவில்லை.

இப்போது கல்வம் இல்லை. துணி இல்லை.
குப்பி வந்தது, கலக்குகிற இயந்திரம் வந்தது,
பிறகு அதுவும் மூலைக்குப் போய்
மேலே கையுறைப் பெட்டி வைக்க ஒரு மேடை ஆனது.

"என் பொண்ணு ஆறு மாசம் முழுகாம கீது," என்கிறார்.
"அதுக்கும் பல்லு சொத்தை. இத்த வெப்பீங்களா?"
"இல்ல, அவங்களுக்கு வேணாம். வெள்ளைதான்."
"அப்ப இது விஷம்தான?"

டாக்டர் வாயைத் திறந்து மூடுகிறார்.
விஷம் என்ற சொல்லுக்கும் பயமில்லை என்ற சொல்லுக்கும் நடுவே
அளவு என்று ஒரு சொல் இருக்கிறது.
அது மேசை மேல்தான் கிடக்கிறது,
எடுத்து நீட்டினால் மழுப்பல் போலக் கேட்கும்
என்று அவருக்குத் தெரிகிறது.

தணிகாசலம் என் பக்கம் திரும்புகிறார்.
"நீ சொல்லும்மா. நீ வெச்சிகினுகீறியா?"

முகமூடியை இறக்கி
கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டுகிறேன்.
கைபேசி டார்ச்சை அடித்து,
எஞ்சினுக்குள் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார்.
ரெண்டு கீது, என்கிறார்.
மூணு, என்கிறேன்.
வாய் திறந்தே இருப்பதால்
அது ஊணு என்று கேட்கிறது.